ஆண்டுக்கொரு மடல்

மடல் எழுதுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஓலை என்றும் முடங்கல் என்றும் திருமுகம் என்றும் நம் முன்னோர் அதற்கு இட்ட பெயர்கள் பல. புலவர்கள் வள்ளல்களுக்கு விடுத்த சீட்டுக்கவிகள் உண்டு. அன்னத்தையும் மேகத்தையும் தென்றலையும் தூது போக்கிய சிற்றிலக்கியங்கள் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் டாக்டர் மு. வரதராசனார் ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ என்று மடல் வடிவிலேயே நூல்கள் யாத்தார். இத்துணை வளமிருந்தும், ஒரு குடும்பம் தன் ஓராண்டு வாழ்வை ஒரே தாளில் எழுதி, அதனையே படியெடுத்து உற்றார்க்கும் நட்டார்க்கும் அனுப்பிவைக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியதில்லை. அது மேலை நாட்டார் வழக்கம். அவர்கள் அதனைக் கிறிஸ்துமஸ் மடல் என்பர். அவ்வழக்கத்தின் நிறையையும் குறையையும், அதன்வழி யாம் கற்ற பாடம் ஒன்றையும் இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

இவ்வழக்கத்தின் வேர் அஞ்சல் துறையில் இருக்கின்றது. இங்கிலாந்தில் 1840-ஆம் ஆண்டு ரோலண்ட் ஹில் என்பாரின் முயற்சியால், நாட்டின் எம்மூலைக்கும் ஒரு பென்னி கட்டணத்தில் மடல் அனுப்பும் முறை நடைமுறைக்கு வந்தது. அதுவரை மடல் செல்வர்க்குரிய பொருளாயிருந்தது. அதன்பின் எளியோரும் எழுதத் தொடங்கினர். மூன்றே ஆண்டுகளில், 1843-இல், ஹென்றி கோல் என்னும் பெருமகனார், தமக்கு வந்து குவிந்த வாழ்த்து மடல்களுக்கெல்லாம் தனித்தனியே விடை எழுத நேரமின்றி, ஜான் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு வாழ்த்து அட்டையை வரைவித்து அச்சிட்டார். ஒரு குடும்பம் கூடி விருந்துண்ணும் காட்சி நடுவிலும், ஏழையர்க்கு உணவும் உடையும் ஈயும் காட்சிகள் இருமருங்கிலும் அதில் இடம்பெற்றன. படத்திலிருந்த குழந்தை ஒன்று மது அருந்துவதாகக் காட்டப்பட்டதால் மதுவிலக்கு இயக்கத்தார் அதனைக் கண்டித்தனர் என்பதும் வரலாறு. வணிக நோக்கில் வெளிவந்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை இதுவே என்பர். பின்னர் 1875 அளவில் பாஸ்டன் நகரில் லூயி பிராங் என்னும் அச்சகத்தார் வண்ண அட்டைகளை வெளியிட்டு அமெரிக்க மக்களிடையே இதனைப் பரப்பினார்.

அட்டையில் வாழ்த்துக்குத்தான் இடமுண்டு, செய்திக்கு இடமில்லை. ஓரிடத்தில் பிறந்து, வேறோரிடத்தில் கற்று, மற்றோரிடத்தில் பணியாற்றி, பிறிதோரிடத்தில் முதுமை எய்தும் அமெரிக்க வாழ்வில் நண்பர்கள் பல மாநிலங்களில் சிதறிக் கிடந்தனர். அவர்கள் அனைவர்க்கும் தனித்தனியே எழுதுவது இயலாததாயிற்று. முதலில் கார்பன் தாளும், பின்னர் சைக்ளோஸ்டைல் பொறியும் துணைக்கு வந்தன. 1959-இல் ஜெராக்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய படியெடுக்கும் பொறி அலுவலகந்தோறும் புகுந்தபின், ஒரு தாளை நூறு தாளாக்குவது சில மணித்துளி வேலையாயிற்று. ஒரு பக்கம், அல்லது இரண்டு பக்கம். தலைப்பில் ஒரு மரமோ மணியோ. தந்தையின் பதவி உயர்வு, தாயின் தோட்டம், மக்களின் தேர்ச்சி, கோடைச் செலவு, வீட்டு நாயின் குறும்பு. முடிவில் புத்தாண்டு வாழ்த்து. இதுவே இவ்வகை மடலின் அமைப்பு.

இதனை எள்ளியோரும் உளர். இங்கிலாந்தில் இதற்கு ‘ரவுண்ட் ராபின்’ என்று பெயர். ‘தி கார்டியன்’ இதழின் பத்தி எழுத்தாளர் சைமன் ஹாகர்ட், வாசகர்கள் தமக்கு அனுப்பிவைத்த இத்தகைய மடல்களின் தற்பெருமையையும் வெற்றுரையையும் நகையாடி, 2004-இல் ஒரு நூலே வெளியிட்டார். குளிர்பெட்டியைத் திறக்கத் தெரிந்த பூனையைப் பற்றியது அந்நூலின் தலைப்பு. அடுத்த ஆண்டே அதற்கொரு தொடர்ச்சியும் வந்தது. அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆன் பர்னெட் என்னும் பேராசிரியர், 1960-கள் தொட்டு எழுதப்பட்ட இத்தகைய மடல்களைத் திரட்டி ஆராய்ந்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல, ‘ஓய்வில்லை’, ‘ஓட்டம்’, ‘பரபரப்பு’ என்னும் பொருள்தரும் சொற்கள் மடல்களில் பெருகுவதை அவர் கண்டார். செல்வத்தைக் காட்டிப் பெருமை கொண்டது போய், ஓய்வின்மையைக் காட்டிப் பெருமை கொள்ளும் காலம் வந்துவிட்டது என்பதற்கு அவ்வீட்டு மடல்களே சான்றாயின.

நற்செய்தி மட்டும் எழுதுவது தற்பெருமை என்று ஒரேயடியாக ஒதுக்கிவிடலாமா? தமிழ் பயின்றோர் இவ்விடத்தில் பிசிராந்தையாரை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆண்டுகள் பல கடந்தும் உமக்கு நரை தோன்றாதது ஏன் என்று வினவியோர்க்கு அவர் கூறிய விடை புறநானூற்றில் இருக்கின்றது. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் கருத்தறிந்து நடக்கும் ஏவலர், தீமை செய்யாமல் காக்கும் மன்னன், தம் ஊரில் வாழும் ஆன்றவிந்த சான்றோர் பலர் என்று அவர் தம் இல்லத்து நலங்களையும் ஊரின் நலங்களையும் நிரல்படச் சொன்னார். இன்றைய மேலை நாட்டார் எழுதும் ஆண்டிறுதி மடலின் சுருக்கம் போலவே அது அமைந்துள்ளது. எனினும் அதனைச் சொன்ன இடத்தை நோக்குக. வடக்கிருந்து உயிர்நீக்கத் துணிந்த நண்பன் கோப்பெருஞ்சோழனுடன் தாமும் உயிர்விட வந்த இடத்தில் அவர் அதனைச் சொன்னார் என்பர். நலம் சொன்னவரின் நெஞ்சில் எத்துணைத் துயரம் அப்போது நிறைந்திருந்தது! ஆகவே, நலம் மட்டும் சொல்லும் மடலைக் கண்டு நகுவதற்கு முன், அது எவ்விடத்தில் நின்று எழுதப்பட்டது என்று வினவுதல் முறையாகும்.

இவ்வழக்கத்தை யாம் முதன்முதலில் அறிந்தது நூல்வழி அன்று. எம் இல்லத்திற்கு வந்த மடல்வழி. நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டுகளை ஆராய்வதற்காக அமெரிக்கப் பெண்மணி ஒருவர், தம் கணவரோடும் இரு ஆண்மக்களோடும் 1988-இல் வந்து, எம் வீட்டு மாடியில் ஈராண்டுகள் குடியிருந்தார். கணவர் பள்ளி ஆசிரியர். மூத்த மகனுக்கு அப்போது ஆறு வயது, இளையவனுக்கு மூன்று. இளையவன் மாடியில் இருந்ததைவிட எம் உம்மாவின் இடுப்பில் இருந்ததே மிகுதி. உம்மா பிசைந்து ஊட்டிய இடியாப்பமும் தேங்காய்ப்பாலுமே அவனுக்குக் காலை உணவு. ‘தண்ணி’ என்பதும் ‘போதும்மா’ என்பதும் அவன் எம் முற்றத்தில் கற்ற தமிழ். அப்பெண்மணி எம் உம்மாவை ‘லாத்தா’ என்றே அழைத்தார். 1990-இல் அவர்கள் தம் நாடாகிய மினசோட்டா மாநிலத்துச் சிற்றூருக்குத் திரும்பினர். அவ்வாண்டு இறுதியில் முதல் மடல் வந்தது. அது தொட்டு 2024 வரை ஓராண்டும் தவறாமல் முப்பத்தைந்து மடல்கள் வந்துள்ளன.

டிசம்பர்த் தொடக்கத்தில் அங்கு அஞ்சலில் சேர்த்த மடல், அக்காலத்தில் எம் தெருவுக்கு வந்துசேரத் தைப் பொங்கலும் கடந்துவிடும். அச்சிட்ட ஆங்கிலப் பக்கம் ஒன்று. அதன் கீழ் விளிம்பில் கோணல் மாணலான தமிழில், கைப்பட எழுதிய இரண்டு வரிகள்: ‘லாத்தா நலமா? இங்கே பனி முழங்கால் வரை.’ மடல்தோறும் பனி இடம்பெற்றமையால் உம்மா அதற்குப் ‘பனிக் காயிதம்’ என்று பெயரிட்டுவிட்டார்கள். முதல் சில ஆண்டுகள் எம் தாய்மாமனும், அதன்பின் யாமும் அதனைத் தமிழில் சொல்வோம். இஷாத் தொழுகை முடிந்து, வாப்பா சாய்வு நாற்காலியில் அமர்ந்தபின், அடுத்த வீட்டுப் பெண்டிரும் வந்து கூடியபின் படித்தல் தொடங்கும். உம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழையும் எழுத்துக் கூட்டியே படிப்பார்கள். ஆனால் மடல் கேட்பதில் அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. மடலில் ஒருவரைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், தஸ்பீஹ் எண்ணுவார்போல் ஒரு விரலை மடக்குவார்கள்.

மேலை நாட்டு மடலைத் தமிழில் சொல்வது எளிதன்று. ‘ஏரி உறைந்தது, அதன்மேல் கூடாரமிட்டு மீன் பிடித்தோம்’ என்று படித்தால், ‘தண்ணிக்கு மேலே கூடாரமா?’ என்று அவையோர் வியப்பர். நாயைப் பற்றி ஒரு பத்தியே வரும். அதற்கு மருத்துவச் செலவு செய்த தொகையைக் கேட்டு வாப்பா கண்ணை மூடிக்கொள்வார்கள். மூத்தவன் பனிச்சறுக்கில் பரிசு பெற்றான் என்றால், பனி என்பது காலைநேரத்துத் தென்னங்கீற்றில் நிற்பது என்று மட்டுமே அறிந்த அவைக்குப் பனிச்சறுக்கை விளக்கவே ஒரு நாழிகை ஆகும்.

ஒருமுறை எம் உறவினர் ஒருவர், ‘பிற சமயத்தார் பெருநாளுக்கு எழுதிய காயிதத்தை நம் வீட்டில் கூட்டம் போட்டுப் படிக்க வேண்டுமா?’ என்று வினவினார். பெரியவர், எமக்கு விடை சொல்லத் துணிவில்லை. உம்மா அமைதியாகச் சொன்னார்கள்: “விசேஷம் அவங்களோடது காக்கா. விசாரிப்பு நமக்குத்தானே வந்திருக்கு?” ஈஸா நபியையும் அன்னை மர்யத்தையும் மதிக்கும் மரபு நமது; திருமறையின் 19-ஆம் அத்தியாயம் அன்னை மர்யத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றது. எனினும் உம்மா சமய ஒப்பீட்டுக்குள் புகவில்லை. கொண்டாட்டம் வேறு, நலம் கேட்டல் வேறு என்று இரண்டே சொற்களில் பிரித்துக் காட்டினார்கள். கேள்வி கேட்ட பெரியவர் அன்று இறுதிவரை இருந்து கேட்டுச் சென்றார்.

உம்மாவின் இந்தக் கேள்விப் புலமை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லுதல் வேண்டும். எம் வாப்பா 1981 முதல் 1995 வரை சவூதியின் தம்மாமில் கட்டுமானப் பணியில் இருந்தார்கள். அந்நாளில் அரபு நாட்டிலிருந்து வரும் மடல்களின் அமைப்பைச் சான்றோர் அறிவீர்கள். மேலே 786, அடுத்து சலாம், ‘நான் இங்கு நலம், அதுபோல் அங்கு நீங்கள் அனைவரும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன்’ என்னும் தொடர், பின்னர் வீட்டார் ஒவ்வொருவரையும் பெயர்சொல்லி விசாரித்தல். ஒலிநாடாவில் பேசி அனுப்பிய காலத்திலும் இம்முறை மாறவில்லை. வெயிலைப் பற்றியோ, எட்டுப் பேர் படுத்த அறையைப் பற்றியோ ஒரு சொல்லும் அவற்றில் இராது. அவர்களும் நலம் மட்டுமே எழுதியவர்கள். எழுதிய இடம் எதுவென்பதை வீட்டார் தாமே உணர்ந்துகொள்ள வேண்டும். 1987-இல் தொடர்ந்து மூன்று மடல்களில், வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு நடந்து சென்றதைப் பற்றி வாப்பா எழுதவில்லை. அதற்கு முந்தைய மடல்களிலெல்லாம் அச்செய்தி தவறாமல் இருந்தது. உம்மா அதனைக் குறித்துக்கொண்டு, அவ்வூரிலிருந்து விடுப்பில் வந்த ஒருவரை விசாரிக்கச் சொன்னார்கள். சாரத்திலிருந்து விழுந்து, கால் முறிந்து, வாப்பா இரண்டு திங்களாகப் படுத்திருந்த செய்தி அவ்வாறுதான் எம் வீட்டுக்குத் தெரிந்தது.

தொல்காப்பியர் செய்யுள் உறுப்புகளை எண்ணுமிடத்து ‘எச்சம்’ என ஒன்றையும் வைத்தார். சொல்லாமல் விட்டதும் செய்யுளின் உறுப்பே என்பது அதன் பொருள். யாம் அதனை வகுப்பில் கற்றோம். உம்மா அதனை வாழ்வில் கற்றார்கள்.

2003-ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த பனிக் காயிதத்தை யாம் படித்தபோது ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகத் தூது இலக்கியத்தைப் பயின்றுகொண்டிருந்தோம். மடல் வழக்கம்போல் இருந்தது. வீட்டுக்குப் புதுக் கூரை. கணவருக்குத் தலைமையாசிரியர் பொறுப்பு. மூத்தவன் பொறியியல் இறுதியாண்டு. பழைய நாய் இறந்து புதிய நாய் வந்தது. அடுத்த வீட்டார் சிரித்துக் கலைந்தனர். உம்மா எழவில்லை. மடக்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டே, “மூணு பேரு. நாயைச் சேர்த்தா நாலு. சின்னவன் எங்கே?” என்று கேட்டார்கள். மடலை எடுத்து மீண்டும் படித்தோம். பதினேழு வயது நிரம்பிய இளைய மகனைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. “நாய்க்கு நாலு வரி எழுதினவ பிள்ளைக்கு ஒரு வரி எழுதலைன்னா, எழுத முடியலைன்னு அர்த்தம்” என்றார்கள் உம்மா. சாய்வு நாற்காலியிலிருந்து வாப்பா, “இவளுக்குக் காயிதம் போட்டு ஒண்ணையும் மறைக்க முடியாது” என்று மெல்லச் சொன்னார்கள். அவர்கள் கை தம் காலைத் தடவிக்கொண்டிருந்தது.

என்ன எழுதுவது என்று கேட்டோம். வினா எதுவும் எழுதக் கூடாது என்று உம்மா தடுத்துவிட்டார்கள். ‘நாங்கள் அனைவரும் நலம். பெரியவனுக்கும் சின்னவனுக்கும் எங்கள் சலாமும் துஆவும். சின்னவனுக்குப் பிடித்த இடியாப்பம் செய்யும்போதெல்லாம் அவனை நினைத்துக்கொள்கிறோம்’ என்று மட்டும், அவன் பெயரை முழுமையாக எழுதச் சொன்னார்கள். அவ்வளவே மடல்.

ஏப்ரலில் விடை வந்தது. அச்சிட்டதன்று, எட்டுப் பக்கம், கையெழுத்து. இளையவன் போதைப் பழக்கத்திற்கு ஆளாகிப் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். முந்தைய ஆண்டின் வசந்தத்தில் வீட்டை விட்டுச் சென்றவன் எங்கிருக்கிறான் என்பதே தெரியவில்லை. ஆண்டிறுதி மடலில் அவனைப் பற்றி ஒரு வரியை நான்கு முறை தட்டச்சு செய்து நான்கு முறையும் அழித்ததாக அப்பெண்மணி எழுதியிருந்தார். ‘80 வீடுகளுக்கு அனுப்பினேன். அவன் பெயரை எழுதி விசாரித்தது உங்கள் வீடு ஒன்றுதான், லாத்தா’ என்றது அம்மடலின் இறுதி வரி. அதனை யாம் தமிழில் சொல்லி முடித்தபோது உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

இதனை வைத்து, மேலை நாட்டார் ஈரமற்றவர் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. அவ்வெண்பது வீட்டாருள் பலரும் அந்த விடுபாட்டைக் கண்டிருப்பர். கண்டும் காணாதார்போல் இருத்தலே அவர்தம் நாகரிகம். தாமே சொல்லாததைப் பிறர் கேட்டல் அங்கு அத்துமீறலாகும். நம்மிடையே கேளாதிருத்தல் உறவுக் குறைவாகும். இரண்டு வழக்கிற்கும் அவ்வவற்றின் நன்மையும் தீமையும் உண்டு. கேட்டுக் கேட்டே மனிதரைப் புண்படுத்தும் உறவினர் நம் வீதிகளிலும் இல்லாமல் இல்லை. ஆதலின்தான், கேள்வி கேளாமல் பெயரை மட்டும் சொல்லி அனுப்பிய உம்மாவின் செயல் எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

அவ்வாண்டு இறுதியில் வந்த மடல் வேறுவிதமாயிருந்தது. வழக்கமான செய்திகளின் நடுவே, அச்சிலேயே, ஒரு வரி: ‘எங்கள் இளைய மகன் எங்கிருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியாது, அவனுடைய நாற்காலியை மேசையிலிருந்து எடுக்கவில்லை.’ அந்த ஒரு வரிக்குப் பின் தமக்கு வந்த விடைகளைப் பற்றி அவர் தனியே எழுதினார். ஆண்டுதோறும் வெற்றிகளை மட்டும் அடுக்கிவந்த நண்பர்கள், அம்முறை தம் வீட்டு மணமுறிவையும், வேலையிழப்பையும், மருத்துவமனை நாள்களையும் கைப்பட எழுதியிருந்தார்களாம். ஒருவர் கதவைச் சற்றுத் திறந்தவுடன் தெருவெங்கும் கதவுகள் திறந்துகொண்டன.

தீய ஆண்டைத் தீய ஆண்டு என்று ஒப்புக்கொள்ளுதல் அத்துணை எளிதன்று. இங்கிலாந்து அரசியார் இரண்டாம் எலிசபெத், அரியணை ஏறிய நாற்பதாம் ஆண்டாகிய 1992-இல், மக்களின் மணவாழ்வு முறிவுகளையும் வின்சர் மாளிகையின் தீவிபத்தையும் கண்டபின், நவம்பர்த் திங்களில் இலண்டன் கில்டுஹாலில் பேசும்போது, அது தமக்கு ஒரு கொடிய ஆண்டு என்னும் பொருளில் இலத்தீன் தொடர் ஒன்றைக் கையாண்டார். அரசியார்க்கே அதனைச் சொல்ல அயல்மொழித் திரை ஒன்று வேண்டியிருந்தது. பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த ஒரு தாய், தாய்மொழியில், திரையின்றி எழுதினார்.

இளையவன் 2007-இல் தன் தாய்க்குத் தொலைபேசியில் பேசினான். மீண்டு வருவதற்கு மேலும் சில ஆண்டுகள் ஆயின. இன்று வேறொரு நகரில் அடுமனை ஒன்றில் பணிபுரிகின்றான். ஆண்டுக்கு ஓரிரு முறை பெற்றோரைக் காண வருகின்றான். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று அவர்கள் எழுதுவதில்லை. ‘இவ்வாண்டும் நலமாயிருக்கிறான்’ என்று எழுதுகிறார்கள். அந்த ‘இவ்வாண்டும்’ என்பதிலுள்ள உம்மைக்கு இலக்கணம் சொல்ல எம்மால் இயலாது.

எம் உம்மா 2019 ஆகஸ்டில் இறையடி சேர்ந்தார்கள். செய்தியை எழுதினோம். அவ்வாண்டு இறுதி மடலில், பேரக் குழந்தை பிறந்த செய்திக்கும் ஏரி உறைந்த செய்திக்கும் இடையில் ஒரு பத்தி இருந்தது. தென்னிந்தியாவில் தம் மகனைச் சோறூட்டி வளர்த்த மூத்த சகோதரி மறைந்துவிட்டார் என்றும், காணாமற்போன பிள்ளையின் பெயரைச் சொல்லி விசாரித்தவர் அவர் என்றும் அது கூறிற்று. பொருநைக் கரையைப் பனிக்கும் பனைக்கும் வேறுபாடறியாத அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றில், எம் உம்மாவின் மறைவு அவ்வாண்டின் செய்திகளுள் ஒன்றாகப் படிக்கப்பட்டது. எட்டாம் வகுப்பைத் தாண்டாத, நெல்லைச் சீமையை விட்டு ஒருமுறையும் வெளியேறாத ஒரு பெண்மணிக்கு இதனைவிடப் பெரிய நினைவுக் கல் எமக்குத் தோன்றவில்லை.

காலம் மாறிவிட்டது. டென்மார்க் நாட்டு அஞ்சல் நிறுவனம் 2025 இறுதியோடு கடிதங்களை வழங்குவதையே நிறுத்திவிடுவதாக அவ்வாண்டு மார்ச்சில் அறிவித்தது. நம் கையிலுள்ள பேசிகளில் குடும்பக் குழுக்கள் உள்ளன. விடிந்தால் வாழ்த்துப் படங்கள் வந்து குவிகின்றன. ஒருவர் அனுப்பியதை மற்றவர் தள்ளிவிடுகிறார். நூறு பேர் உள்ள குழுவில் ஒருவர் திங்கள்கணக்கில் பேசாதிருந்தாலும் எவர் விரலும் நிற்பதில்லை. செய்தி பெருகிற்று, விசாரிப்பு அருகிற்று. பொறியைக் குறைகூறிப் பயனில்லை. ஜெராக்ஸ் பொறியில் படியெடுத்த தாளின் விளிம்பிலும் இரண்டு வரி கையெழுத்துக்கு இடம் இருந்ததல்லவா? அந்த இடம் பேசியிலும் உண்டு. அதனை நிரப்புவார் வேண்டும்.

எனவே, அன்பு மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆண்டு துல்ஹஜ்ஜில் முடியலாம், பங்குனியில் முடியலாம், டிசம்பரில் முடியலாம். எப்போது முடிந்தாலும், அப்போது உங்கள் வீட்டுக்காக ஒரு பக்கம் எழுதுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவர்க்கும் அதில் ஒரு வரி கொடுங்கள். தேர்வில் தவறிய தம்பிக்கும், மணமுறிவுற்று வந்திருக்கும் அக்காவுக்கும், படுக்கையிலிருக்கும் பாட்டிக்கும் சேர்த்து. அவர்களைக் கேட்டு, அவர்கள் இசையும் சொற்களில் எழுதுங்கள். நிகழ்ந்த நன்மைக்கு நாணாதீர்கள். நேர்ந்த துன்பத்தில் ஒன்றையேனும் உள்ளவாறு சொல்லுங்கள். எத்தனை பேருக்கு அனுப்பினாலும், பெறுபவரைப் பற்றிய ஒரு வரியைத் தனியே உங்கள் கையால் சேருங்கள்.

அத்தகைய மடல் ஒன்று உங்களுக்கு வந்தால், நகைப்பதற்கும் பொறாமை கொள்வதற்கும் முன் இன்னொரு முறை படியுங்கள். அவ்வீட்டில் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். பெயர்களை எண்ணுங்கள். ஒரு விரல் மடங்காமல் நின்றால், வினா எதுவும் எழுத வேண்டா. அந்தப் பெயரை மட்டும் எழுதி, எங்கள் சலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.